எட்வேட்டின் ரயரும் மரியம்மாவின் கேக்கும்

ரொறொன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் என் கதவுக்கு எதிர்க்கதவு எட்வேட்டுடையது. நல்ல மனிதர். லிஃப்ட் பழுதான நாட்களில் என் அரிசி மூட்டையைக் கேட்காமலே தூக்கி வருவார். ஆனால் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மட்டும் அவரோடு யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது. அந்த நேரத்தில் அவர் தன் பழைய நீல வான் வண்டியைக் காஸ் ஸ்ரேசனில் நிறுத்தி, நாலு ரயருக்கும் காற்று அடித்துக்கொண்டிருப்பார். வானின் கதவோரத்தில் காற்றழுத்தம் முப்பத்தைந்து றாத்தல் என்று தாள் ஒட்டியிருக்கிறது. எட்வேட் அடிப்பது நாற்பத்தைந்து. அடித்து முடிந்ததும் ஒவ்வொரு ரயரையும் காலால் உதைத்துப் பார்ப்பார். கால் நோகவேண்டும். நொந்தால்தான் அவருக்குத் திருப்தி.

ஒருநாள் அந்தத் தாளைக் காட்டிக் கேட்டேன்.

"அது வெள்ளைக்காரன் தனிய வேலைக்குப் போய் வாறதுக்கு எழுதினது, அக்கா," என்றார். "எங்கட சனம் ஒரு வான் கண்டால் எத்தினை பேர் ஏறும்? அதை ஆர் கணக்கெடுத்தது?"

அந்த வானில் நான் கோயிலுக்குப் போயிருக்கிறேன். றோட்டில் கிடக்கும் சின்னக் கல்லையும் என் முதுகெலும்பு தனித்தனியாகச் சொல்லும். ரயில் தண்டவாளம் ஒன்றைக் கடந்தபோது என் கட்டுப்பல் கழன்று மடியில் விழுந்தது. எட்வேட் கண்ணாடியில் பார்த்துவிட்டு, றோட்டுச் சரியில்லை என்றார். அவருக்கு எப்போதும் றோட்டுத்தான் சரியில்லை.

ஆனால் இது எட்வேட்டின் கதை இல்லை. அவருடைய மனைவி மரியம்மாவின் கதை. ரயரைச் சொல்லாமல் அவளைச் சொல்ல வழியில்லாததால் முதலில் இதைச் சொன்னேன்.

மரியம்மா யாழ்ப்பாணத்துக் குருநகரில் கல்யாணக் கேக் செய்தவள். தட்டுக்கு மேல் தட்டாகத் தூண் வைத்து அடுக்கி, ஐசிங் பூசிப் பூ வைக்கும் கேக். அவளுடைய வேலையில் விசேஷம் இழை. முட்டை வெள்ளையையும் ஐசிங் சீனியையும் அடித்து, குழலில் விட்டு, தலைமயிர் அளவு மெல்லிய இழைகளைத் தட்டின் விளிம்பிலிருந்து தொங்கவிடுவாள். இழை கேக்கைத் தொடாது. மேலேயும் கீழேயும் மட்டும் ஒட்டியிருக்கும், நடுவில் காற்று. ஒரு தட்டுக்கு இருநூறு இழை வரும். சைவக்காரர், வேதக்காரர் என்று பாராமல் யாழ்ப்பாணத்தில் பாதிக் கல்யாணங்களுக்கு அவள் கேக்தான் போனது. எட்வேட் அப்போது வாடகைக் கார் ஓடினார். கேக்கை அவர்தான் கொண்டுபோய் இறக்குவார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் வருகிறதென்று ஊர் முழுக்க ஒரே இரவில் எழுந்து நடந்ததே, அதில் இவர்களும் வந்தார்கள். மழை. நாவற்குழிப் பாலம் தாண்டியதும் காரின் பின் ரயர் வெடித்தது. பொருளாதாரத் தடைக் காலம், ஏற்கெனவே ஆறு ஒட்டுப்போட்ட ரயர், மாற்று ரயர் என்று ஒன்று கிடையாது. காரை அப்படியே விட்டுவிட்டுச் சனத்தோடு சனமாக நடந்தார்கள். பிறகு கொழும்பு, பிறகு ரொறொன்ரோ. கேக் தகரங்களும் குழல்களும் இருந்த பெட்டியைக் குருநகர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததாக எட்வேட் எனக்குச் சொன்னார். மரியம்மாவிடம் கேட்டால், "அது போயிட்டுது, அக்கா," என்பாள். அதற்குமேல் ஒரு சொல் வராது.

இங்கே வந்து இரண்டு வருடமாக அவளுக்கு ரெக்ஸ்டேலில் ஃபோம் வெட்டும் தொழிற்சாலையில் வேலை. நாள் முழுக்க நின்றபடி, மெத்தைக்கும் கதிரைக்கும் ஃபோம் வெட்டுவது. வீடு வரும்போது தலைமயிரில் மஞ்சள் தூள் இருக்கும். மெல்ல மெல்ல ஒரு குழல், இரண்டு தகரம் என்று வாங்கிச் சேர்த்து, பிறந்தநாள் கேக் மூன்று செய்து கொடுத்தாள். அப்போதுதான், தொண்ணூற்றொன்பது ஆடியில், கஜனி வந்தாள்.

கஜனி பாங்க் ஒன்றில் கொம்பியூட்டர் வேலை பார்க்கும் பிள்ளை. ஒரு வெள்ளைக்காரப் பெடியனை விரும்பிவிட்டாள். கல்யாணம் வடக்கே மூன்று மணித்தியாலத் தூரத்தில், ஏரிக்கரையில் இருக்கும் பெடியனின் தாய் தகப்பன் வீட்டில். அவளுடைய தகப்பன் வரமாட்டேன் என்றுவிட்டார். தாய் அரைமனதோடு வருகிறாள்.

"எல்லாம் அவையின்ர முறைப்படிதான் நடக்குது, அன்ரி," என்றாள் கஜனி. "என்ர பக்கத்தாலை ஒரு ஊர்க் கேக்காவது இருக்கோணும். அம்மாவின்ர கல்யாணப் படத்திலை இருக்கிற மாதிரி, இழையோடை."

மரியம்மா உடனே ஓம் என்றாள். கஜனி போனபின் என்னிடம் வந்து கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள்.

"தவமணியக்கா, உந்தக் கேக் முழுசாய்ப் போய்ச் சேர்ந்தால் நான் ஃபோம் வெட்டப் போகமாட்டன். திரும்பவும் என்ர தொழிலைத்தான் செய்வன். உடைஞ்சுபோய்ச் சேர்ந்தால், அந்தக் கல்யாணத்துக்கு வந்த ஒரு ஆள் எங்கட சனம் நிறைஞ்ச ஸ்காபரோவிலை வாய் திறந்தால் காணும். பிறகு ஒருத்தரும் என்னட்டை வராயினம்."

அவள் சொன்னது சரி. எங்கள் சனத்தின் வாயைப்பற்றி எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை, என் வாயும் அதில் ஒன்று.

கஜனி வரைந்து தந்த வரைபடத்தில் கடைசிப் பதினொரு கிலோமீற்றர் தார் போடாத கிறவல் றோட்டு. மரியம்மா சும்மா நம்பிப் போகிறவள் இல்லை. இரண்டு கிழமைக்கு முன்னரே ஒரு தட்டு மட்டும் செய்து, இழை விட்டு, பெட்டியில் வைத்து, அடியில் தொழிற்சாலைத் துண்டு ஃபோமும் போட்டு, எட்வேட்டைக் கூட்டிக்கொண்டு ஒத்திகை பார்க்கப் போனாள். நானும் போனேன். எனக்கு வீட்டில் என்ன வேலை?

தார் றோட்டில் ஒன்றும் நடக்கவில்லை. கிறவலில் ஏறினதும் வான் நடுங்கத் தொடங்கியது. அந்த றோட்டுக் குறுக்கே வரிவரியாக மேடும் பள்ளமும். பெரிய குழிகூட இல்லை, ஆனால் ஒவ்வொரு வரியும் கல்லாக இருந்த ரயரில் பட்டு, இருக்கை வழியாக ஏறி, என் பல்லுக்கு வந்தது. ஏரிக்கரையில் பெட்டியைத் திறந்தோம். இருநூறு இழையில் அறுபது நின்றது. மிச்சம் பெட்டிக்குள் சேமியா மாதிரிக் கொட்டிக் கிடந்தது.

"நான் சொன்னனான், றோட்டுச் சரியில்லை," என்றார் எட்வேட்.

மரியம்மா அழவில்லை. மூடியைப் போட்டுவிட்டு வானில் ஏறினாள். திரும்பும்போது, கிறவலும் தாரும் சந்திக்கும் இடத்தில் இருந்த கடையில் நிறுத்தினோம். அங்கே அந்த ஊர் ட்ரக் ஒன்று நின்றது. நான் ஐஸ்கிறீம் வாங்கப் போக, மரியம்மா ட்ரக்குக்குப் பக்கத்தில் குந்தி அதன் ரயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பக்கம் கொஞ்சம் பிதுங்கி நின்றது. கடைக்குள்ளிருந்து ட்ரக்கின் சொந்தக்காரி வந்துவிட்டாள், ஆறடி இருப்பாள். மரியம்மா எழும்பாமலே ரயரைத் தொட்டு, ஏன் என்று கையைக் காட்டினாள். அந்த மனுசி சிரித்துக்கொண்டு கிறவல் றோட்டைக் காட்டி, பிறகு தன் முதுகைத் தட்டிக் காட்டினாள். விரலால் இருபத்திரண்டு என்று காட்டினாள். ட்ரக்கின் பின்னால் கிடந்த காற்றடிக்கும் பம்மையும் காட்டினாள். தாருக்கு வந்தபின் திரும்ப அடிக்கவேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

மரியம்மா வானுக்கு வந்து சொன்னாள்: "கட்டி ஃபோம் குத்தை அப்பிடியே மேலை அனுப்பும். மெத்தெண்ட ஃபோம் தானே வாங்கிக்கொண்டு நிக்கும். நான் ரண்டு வருசமாய் வெட்டுறது உதைத்தானே. பெட்டிக்குக் கீழை வைச்சுப் பிரயோசனமில்லை. சில்லுக்குக் கீழை இருக்கோணும். இஞ்சேருங்கோ, கேக் கொண்டுவரேக்கை இந்த றோட்டுக்கு மட்டும் காத்தைக் குறையுங்கோ."

எட்வேட்டின் முகம் கறுத்துவிட்டது. "காத்துக் குறைஞ்ச ரயரோடை என்ர வான் ஒரு யார் தூரம் ஓடாது. ரயர் சூடேறி வெடிக்கும். நடுக்காட்டிலை நிக்கப்போறீரோ?"

"மெதுவாய்ப் போனால் வெடிக்காது."

"நீர் கேக்கைப் பாரும். ரயரை நான் பாக்கிறன்."

அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். மரியம்மாவை எனக்கு இன்னும் முழுக்கத் தெரிந்திருக்கவில்லை. அந்த இரண்டு கிழமையும் அவள் சண்டை பிடிக்கவில்லை, கண்ணீர் விடவில்லை, சமையலை நிறுத்தவில்லை. காலையில் தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்து, "இருபத்திரண்டு," என்பாள். இரவு சோறு போட்டுக் குழம்பு விடும்போது, "இருபத்திரண்டு." ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கும் நேரத்திலும் கணவனின் கையைப் பிடித்து அதைத்தான் சொன்னாளாம். எட்வேட் என்னிடம் வந்து முறையிட்டார். கேட்டுச் சிரித்துவிட்டேன், அதன்பின் மூன்று நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை.

அவரும் சளைத்தவரில்லை. கல்யாணத்தன்று விடியவே போய் நாற்பத்தெட்டு அடித்துக்கொண்டு வந்தார். நான் கீழே இறங்கி நாலு சில்லுக்கு அடியிலும் கண்ணூறு படாமல் தேசிக்காய் வைத்தேன். முன்னால் அந்தோனியார் படம் வைத்திருக்கும் மனிதர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கீழ்த் தட்டும் நடுத் தட்டும் தனித்தனிப் பெட்டியில் வானின் தரையில். மேல் தட்டு என் மடியில். ஏரிக்கரையில் வைத்து அடுக்குவதாகத் திட்டம். மரியம்மாவின் கைப்பைக்குள் சின்னக் குழலில் கொஞ்சம் ஐசிங் இருந்தது. நாலைந்து இழை விழுந்தால் திருத்தலாம். ஐம்பது விழுந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

தார் முடியும் இடத்துக்கு வந்தோம்.

"நிப்பாட்டுங்கோ," என்றாள்.

அவர் நிற்பாட்டவில்லை. கிறவலில் ஏறினார். நூறு யார் தூரம் போயிருக்கமாட்டோம், என் மடியிலிருந்த பெட்டிக்குள் மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. சீனி உடையும் சத்தம். பிறகு இன்னொன்று, இன்னொன்று.

"மூண்டு," என்றேன் நான்.

"நிப்பாட்டுங்கோ எண்டனான்!" பதினாலாம் மாடியில் அவள் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எட்வேட் பிறேக்கை அமத்தினார்.

மரியம்மா இறங்கினாள். கல்யாணத்துக்கென்று உடுத்த பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின் ரயருக்குப் பக்கத்தில் குந்தினாள். தலையிலிருந்து ஒரு ஊசியை உருவி, ரயரின் வால்வு வாயில் குத்தினாள். காற்றுச் சீறியது. எட்வேட் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார்.

"விடும், மரியம்மா! உமக்கு விளங்காது. ஊரைவிட்டு வெளிக்கிட்ட இரவு நான் காத்து ஒழுங்காய் அடிக்கேல்லை." அவருக்கு மூச்சு வாங்கியது. "பக்கத்து வீட்டுப் பம். அதுக்கு ஆக்கள் காத்துக்கொண்டு நிண்டவை. போதும், காணும் எண்டிட்டு எழும்பியிட்டன். அதாலைதான் நாவற்குழியிலை வெடிச்சது. என்ர அரைகுறை வேலையாலை உம்மை மழைக்குள்ளை நடக்க விட்டனான். திரும்பவும் அப்பிடி நடக்க விடமாட்டன்."

இதை அவர் எனக்கு ஒரு தடவை சொல்லியிருந்தார். மனைவிக்கு இன்றுதான் சொல்கிறார் என்பது அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது. மரியம்மா ஊசியை எடுத்தாள். ஆனால் எழும்பவில்லை.

"நீங்கள் காத்து அடிச்ச பிறகுதான் நான் பெட்டியை ஏத்தினனான்," என்றாள்.

"என்ன பெட்டி?"

"கேக் பெட்டி. பாரம், வேண்டாம் எண்டு சொன்னனீங்கள். நீங்கள் கதவு பூட்டப் போன நேரம் பின் சீற்றுக்குக் கீழை தள்ளி, மேலை உடுப்பைப் போட்டு மூடினனான். ஒரு ஆளின்ர பாரம் இருக்கும். அந்தப் பக்கத்து ரயர்தான் வெடிச்சது." அவள் ரயரைப் பார்த்தபடியே பேசினாள். "கார் நிண்ட இடத்திலைதான் பெட்டியை விட்டனான், வீட்டிலை இல்லை. இஞ்சை வந்து ரண்டு வருசமாய் நீங்கள் ஒவ்வொரு சனியும் காத்து அடிக்கப் போறியள். எனக்குக் காரணம் தெரியும். தெரிஞ்சுகொண்டு பேசாமல் இருந்தனான். நான் செய்த பிழைக்கு நீங்கள் ரயரை உதைச்சுக்கொண்டு திரியிறியள்."

தூசி கிளப்பிக்கொண்டு ஒரு கார் எங்களைக் கடந்து போனது. நான் பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி வானுக்குள் இருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆனால் மடியில் கேக் இருந்ததால் அசையாமல் அழுதேன்.

எட்வேட் கொஞ்ச நேரம் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முன்கதவைத் திறந்து காற்று அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"தள்ளும். ஊசியாலை வால்வைக் கெடுத்துப்போடுவீர். நாலுக்கும் ஒரே அளவாய் விடோணும், இல்லாட்டி வான் ஒரு பக்கம் இழுக்கும்."

காற்று இறங்கியது. நாற்பது. முப்பத்தைந்து. முப்பதுக்கு வந்ததும் அவர் கை நின்றது. மனைவியைப் பார்த்தார்.

"இருபத்திரண்டு," என்றாள் மரியம்மா.

நாலு ரயரும் முடிந்ததும் பழக்கதோஷத்தில் ஒன்றை உதைத்துப் பார்த்தார். கால் நோகவில்லை போலும், முகத்தைச் சுளித்தார்.

அந்தப் பதினொரு கிலோமீற்றரையும் எட்வேட் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். மூன்று இடத்தில் நிறுத்தி, இறங்கி, ரயர் சுடுகிறதா என்று உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார். சுடவில்லை. அதே றோட்டு, அதே வரிகள். வான் அவற்றின் மேல் மெத்தென்று ஏறி இறங்கிக்கொண்டு போனது. என் முதுகு ஒன்றும் சொல்லவில்லை. கட்டுப்பல் இருந்த இடத்திலேயே இருந்தது. நான் பெட்டிக்குக் காது கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு இடத்தில் ஒரே ஒரு சத்தம் கேட்டது.

ஏரிக்கரையில் பெட்டிகளைத் திறந்து மரியம்மா எண்ணினாள். மூன்று தட்டிலும் சேர்த்து ஐந்து இழை விழுந்திருந்தது. குழலை எடுத்துக் கால் மணித்தியாலத்தில் ஐந்தையும் விட்டாள். தூண் வைத்து அடுக்கி முடித்தபோது கஜனி ஓடி வந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். கஜனியின் தாய் அதுவரை ஒரு மூலையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி இருந்தவள். எழும்பி வந்து கேக்கைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். குனிந்து இழையைப் பார்த்தாள். பிறகு நேரே போய் மாப்பிள்ளையின் தாய்க்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, கேக்கைக் காட்டி ஏதோ சொல்லத் தொடங்கினாள். இரண்டு பேர் மரியம்மாவின் ரெலிபோன் நம்பரைக் கேட்டு வாங்கினார்கள்.

வெயில் இருக்கும்போதே புறப்பட்டோம். தார் தொடங்கும் இடத்தில் எட்வேட் வானை நிறுத்தி, பின்னால் எப்போதும் கிடக்கும் கால் பம்மை எடுத்தார். அவர் மிதிக்க, மரியம்மா பக்கத்தில் குந்தியிருந்து அளவு பார்த்தாள்.

"முப்பத்தைஞ்சு. காணும்."

"இன்னும் ரண்டு மிதி..."

"காணும்."

அவர் பம்மை விட்டுக் காலை எடுத்தார். நாலு ரயரும் முடிய அரை மணித்தியாலம் ஆனது. ஒன்றையும் உதைக்கவில்லை.

வான் தார் றோட்டில் ஏறியதும் மரியம்மா சொன்னாள்: "திங்கட்கிழமை ஃபோம் கொம்பனிக்குப் போறன். வேலையாலை நிண்டிட்டன் எண்டு சொல்லியிட்டு வர."

எட்வேட் தலையாட்டினார். வழக்கமாக இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு எட்வேட் றோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"அந்தப் பெட்டியிலை என்னென்ன இருந்தது?"

மரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பன்ரண்டு இஞ்சித் தகரம் ஒண்டு," என்றாள். "பத்திஞ்சி ரண்டு. எட்டிஞ்சி ஒண்டு, அதிலை ஒரு நெளிவு, நீங்கள்தான் கீழை போட்டனீங்கள்..."

"ஓம், ஞாபகமிருக்கு. பிறகு?"

"பிறகு குழல், முதலாம் நம்பரிலையிருந்து..."

சென் ஜேம்ஸ் ரவுண் வரும்வரை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும், பிறகு, பிறகு என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார்.